கால் கிலோவும் 0.250-உம்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பின்னம் வராது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறேன். சுற்றிலும் மல்லிகைத் தோட்டம். விடியும் முன்பே மொட்டு பறிக்கப் போய்விடுகிற அம்மாக்களின் பிள்ளைகள்தான் என் வகுப்பில் பாதி. பறித்த பூ மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போகும். சாயங்காலம் இவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒரே பூப்பேச்சாக இருக்கும். "இன்னைக்கு ஒண்ணே முக்கால் கிலோதான் தேறுச்சு", "அரைக் கிலோ குறையுதே", "கால் கிலோ மட்டும் எடுத்து வைய்யி" என்று பேச்சு ஓடும். கேட்டுக்கொண்டிருக்கிற எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒண்ணே முக்கால் பெரிதா ஒன்றரை பெரிதா என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே பிள்ளையைக் கரும்பலகைக்கு அழைத்து 1/3, 1/4 இரண்டில் எது பெரிது என்று கேட்டால், தயங்காமல் 1/4 என்கிறது. ஏன் என்றால் மூன்றைவிட நான்கு பெரிது. அப்புறம் தராசைக் காட்டி 0.250 என்றால் என்ன என்று கேட்டால் "இருநூத்தம்பது" என்று வாசிக்கிறது. முன்னால் இருக்கிற சைபரும் புள்ளியும் அதன் கண்ணில் படுவதே இல்லை.

ஊர் பின்னத்தில் பேசுகிறது. தராசு தசமத்தில் காட்டுகிறது. புத்தகம் இரண்டையும் தனித்தனிப் பாடமாக வைக்கிறது. இந்த மூன்றும் சேருகிற இடத்தில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துகிற கணக்கைத்தான் நான் வாழ்க்கைக் கணக்கு என்பேன். ஒரு கதையைச் சொல்லி நடுவில் இரண்டு எண்ணைச் செருகிவிட்டால் மட்டும் அது வாழ்க்கைக் கணக்கு ஆகிவிடாது.

"ஒருவர் 2/7 மீட்டர் துணியும் 3/5 மீட்டர் துணியும் வாங்கினார். மொத்தம் எவ்வளவு?" இந்த மாதிரிக் கணக்கு பயிற்சிப் புத்தகங்களில் நிறைய வரும். மதுரையில் விளக்குத்தூண் பக்கம் எந்த ஜவுளிக் கடைக்கு வேண்டுமானாலும் போய் 2/7 மீட்டர் கேளுங்கள், கடைக்காரர் திகைத்துப் போவார். பிள்ளைக்கும் இது தெரியும். அதனால் கதையை ஒதுக்கிவிட்டு, எண்களை மட்டும் பொறுக்கி எடுத்து, கூட்டுவதா கழிப்பதா என்று ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறது. நான் ஒரு கணக்கை வகுப்புக்கு எடுத்துப்போகும் முன் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன்: விடை தப்பாக வந்தால் அந்தக் கதைக்குள் இருக்கிற யாருக்காவது கோபம் வருமா? வரும் என்றால் பிள்ளை யோசிக்கும்.

ரேஷன் சர்க்கரைக் கணக்கு அப்படிப்பட்டது. அட்டையில் இருக்கிற ஆளுக்கு அரைக் கிலோ, கிலோ 25 ரூபாய். "வீட்டில் மூன்று பேர். எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு பணம்?" அரை, அரை, அரை என்று விரலை மடக்கி ஒன்றரைக் கிலோவுக்கு வந்துவிடுவார்கள். ஒரு கிலோ 25, அரைக் கிலோ பன்னிரண்டரை, ஆக முப்பத்தேழரை ரூபாய். இதைக் கரும்பலகையில் 37.50 என்று எழுதுகிறேன். கணக்கு பின்னத்தில் தொடங்கித் தசமத்தில் வந்து நிற்கிறது. அந்த 'அரை'யும் இந்த '.50'-உம் ஒன்று என்பதை நான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, "வீட்டில் ஐந்து பேர்" என்றேன். வகுப்பே இரண்டரைக் கிலோ என்று கத்தியபோது, பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் மட்டும் எழுந்து, "இல்ல டீச்சர், ரெண்டு கிலோக்கு மேல போட மாட்டாக" என்றான். அவன் சொன்னது சரி. அட்டைக்கு அதிகபட்சம் இரண்டு கிலோதான். வீட்டுக்காக ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பிள்ளை அவன். மற்றப் பாடங்களில் வாயே திறக்காதவன் அன்றைக்கு வகுப்புக்கே சொல்லிக்கொடுத்தான். நாங்கள் இரண்டு விடையையும் எழுதினோம்: கணக்குப்படி 2 1/2 கிலோ, கடையில் கிடைப்பது 2 கிலோ. ஆளுக்கு அரைக் கிலோ என்ற விதி எத்தனை பேர் வரை அப்படியே செல்லும் என்று அவர்களே கேட்டுக்கொண்டு, நாலு பேர் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு நல்ல வாழ்க்கைக் கணக்கு விடையோடு நின்றுவிடாமல் இப்படி அடுத்த கேள்வியைக் கூட்டிக்கொண்டு வரும்.

பின்னம் என்றதும் வட்டத்தை வரைந்து வெட்டுவது எல்லோருக்கும் பழகிவிட்டது. தோசையை வெட்டலாம், தப்பில்லை. ஆனால் வட்டத்திலேயே நின்றுவிட்டால், பின்னம் என்பது முக்கோணத் துண்டு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். 1/2-ஐயும் 1/8-ஐயும் கூட்டச் சொன்னால் தொகுதியையும் தொகுதியையும், பகுதியையும் பகுதியையும் கூட்டி 2/10 என்று எழுதிவிடும். அதைத் திருத்த எனக்குக் கைகொடுப்பது உழக்கும் ஆழாக்கும்தான்.

எங்கள் ஊரில் இன்னும் பல வீடுகளில் சோற்றுக்கு அரிசியை உழக்கில்தான் அளக்கிறார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆக உரி 1/2 படி, உழக்கு 1/4 படி, ஆழாக்கு 1/8 படி. பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் அப்பத்தாவிடமும் அம்மாச்சியிடமும் கேட்டு வாங்கி வந்துவிடுவார்கள். பித்தளை உழக்கு, தகர உழக்கு, பிடி உடைந்த படி எல்லாம் வரும். சில பாத்திரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அளந்து பார்த்து ஒரே கணக்கில் வருகிற செட்டை மட்டும் பொறுக்கிக்கொள்வேன். அந்தப் பொறுக்குகிற வேலையையும் பிள்ளைகளிடமே விட்டுவிடுவது நல்லது.

பள்ளிக்கூட மைதானத்து மணலைச் சலித்து ஒரு வாளியில் வைத்துக்கொள்வோம். முதல் வேலை வெறுமனே ஊற்றிப் பார்ப்பது. எட்டு ஆழாக்கு ஊற்றினால் படி தலைதட்டி நிற்கும். கையில் ஆழாக்கைப் பிடித்திருக்கிற பிள்ளையிடம் "எட்டு பெரிசா நாலு பெரிசா?" என்று கேட்டால் "எட்டு" என்கும். "அப்ப எட்டில் ஒரு பங்கு பெரிசா, நாலில் ஒரு பங்கு பெரிசா?" என்றால் ஒரு கையில் ஆழாக்கையும் மறு கையில் உழக்கையும் பார்த்துவிட்டுச் சிரிக்கும். 1/3, 1/4 குழப்பம் அதற்கப்புறம் திரும்ப வருவது குறைவு.

பிறகு கூட்டல். ஓர் உரி மணலும் ஓர் ஆழாக்கு மணலும் படிக்குள் போகிறது. எவ்வளவு? "ஒரு உரியும் ஒரு ஆழாக்கும்" என்றுதான் முதலில் சொல்வார்கள். "ஒரே அளவுப் பாத்திரத்தில் சொல்லுங்கள்" என்பேன். உரியால் சொல்ல முடியாது, ஆழாக்கு இடிக்கும். உழக்காலும் முடியாது. கடைசியில் யாராவது ஒருவர் எல்லாவற்றையும் ஆழாக்கால் அளந்து பார்ப்பார்: உரி நாலு ஆழாக்கு, கூட ஒன்று, மொத்தம் ஐந்து. 1/2 + 1/8 = 4/8 + 1/8 = 5/8. பகுதிகளைச் சமமாக்குவது எதற்கு என்று இதற்கு முன் நான் எவ்வளவோ விளக்கியிருக்கிறேன். கையில் ஆழாக்கு இருக்கும்போது அந்த விளக்கமே தேவைப்படுவதில்லை. 2/10 என்று எழுதுகிற பிள்ளையிடம் படியைக் காட்டி, "உரி ஊற்றினதுமே பாதி நிறைஞ்சுபோச்சு, இன்னும் ஊற்றினதுக்கப்புறம் பத்தில் ரெண்டுதான் இருக்குமா?" என்று கேட்டால் போதும், அதுவே அழித்துவிடும்.

படி, உழக்கு வழக்கொழிந்த அளவை, மெட்ரிக் முறை வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இதைப் போய்க் கற்றுக்கொடுப்பதா என்று ஒரு கேள்வி வரும். நான் அளவையைக் கற்றுக்கொடுக்கவில்லை. பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று இறங்குகிற பின்னங்களைக் கையில் கொடுக்கிறேன். அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் அரைக்கால் (1/8), வீசம் (1/16) தொடங்கி 320-இல் ஒரு பங்கான முந்திரி வரை எண்சுவடி என்ற வாய்ப்பாட்டில் மனப்பாடம் பண்ணினார்கள். அந்த மனப்பாடம் இப்போது வேண்டியதில்லை, கையில் ஊற்றிப் பார்க்கிற நாலு பாத்திரம் போதும்.

முழத்தையும் சொல்ல வேண்டும். கட்டின பூ முழக் கணக்கில்தான் விலை போகும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. யார் கை? விற்கிறவர் கை. வகுப்பில் நூலைக் கொடுத்து ஆளுக்கு அரை முழம் வெட்டச் சொன்னேன். எல்லா நூலையும் மேசை ஓரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டால் ஒன்றுகூட ஒன்றோடு ஒத்துப்போகவில்லை. "எல்லாரும் அரைதானே வெட்டினீங்க?" என்று கேட்டேன். வகுப்பிலேயே குட்டையான பிள்ளை, "என் கையில அரை டீச்சர்" என்றாள். எதில் அரை என்ற கேள்வி இல்லாமல் பின்னம் இல்லை. இதை அவள் வாயால் கேட்ட பிறகு எந்தக் கணக்கு வந்தாலும் "எதுல பாதி?" என்று கேட்பது என் வகுப்பில் பழக்கமாகிவிட்டது.

இந்தப் பழக்கம் எங்கே உதவுகிறது பாருங்கள். "முக்கால் கிலோ பூவில் அரைக் கிலோ விற்றது." "முக்கால் கிலோ பூவில் பாதி விற்றது." வேகமாக வாசித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாவதில் மீதி கால் கிலோ, தராசில் 0.250. இரண்டாவதில் மீதி 3/8 கிலோ, தராசில் 0.375. அரை என்பது ஓரிடத்தில் நேராக ஒரு எடை, இன்னோரிடத்தில் இருப்பதில் ஒரு பங்கு. பெரிய வகுப்புக்குப் போன பிள்ளைகளும் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

வழுக்குவதற்கு நாமும் ஒரு காரணம். 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி என்று குறுக்குவழி சொல்லிக்கொடுக்கிறோம். "ஒரு அக்கா அரைக் கிலோ பூ விற்ற பிறகு கூடையில் முக்கால் கிலோ மீதி இருந்தது. முதலில் எவ்வளவு வைத்திருந்தார்?" குறுக்குவழியை நம்பின பிள்ளை 'மீதி'யைக் கண்டதும் கழித்துக் கால் கிலோ என்று எழுதும். மீதியே முக்கால் இருக்கும்போது முதலில் இருந்தது எப்படிக் கால் ஆகும் என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. நான் இப்போதெல்லாம் எண்களை மறைத்துவிட்டுத்தான் கணக்கை முதலில் வாசிக்கிறேன். "ஒரு அக்காவிடம் பூ இருந்தது, கொஞ்சம் விற்றார், கொஞ்சம் மீதி." இதைப் பிள்ளை தன் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். விடை பெரிதாக வருமா சிறிதாக வருமா என்று ஊகம் சொல்ல வேண்டும். எண்கள் அதற்கப்புறம்தான் வரும். நேரம் பிடிக்கும்தான், ஆனால் ஒரு பாடவேளையில் பத்துக் கணக்கை ஓட்டுவதைவிட இப்படி இரண்டு கணக்குப் போடுவது மேல் என்று உறுதியாக நினைக்கிறேன்.

சரி, தசமத்துக்கு வருவோம். இங்கே சிக்கல் வேறு மாதிரி.

கடைத் தராசு புள்ளிக்குப் பின் எப்போதும் மூன்று இலக்கம் காட்டும். 0.250, 0.300, 1.050. பிள்ளைகள் அதைக் கிராமாகவே வாசித்துப் பழகியிருக்கிறார்கள். 250-ஐவிட 300 பெரிது, சிக்கலே இல்லை. புத்தகத்தில் அதுவே 0.25 என்றும் 0.3 என்றும் வரும்போது, 25 பெரிது 3 சிறிது என்று கவிழ்ந்துவிடுகிறார்கள். மூன்று இலக்கம் காட்டி உதவுகிற தராசே தசமத்தைப் பிள்ளையிடமிருந்து மறைத்தும் விடுகிறது. ரூபாயும் அப்படியே. 37.50 என்று எழுதினால் முப்பத்தேழு ரூபாய் ஐம்பது பைசா. 37.5 என்று எழுதிக் கேளுங்கள், பாதிப் பேர் ஐந்து பைசா என்பார்கள்.

பைசாவை வைத்துத் தசமம் சொல்லிக்கொடுப்பதே இனிமேல் சரிப்படாது என்பது என் எண்ணம். 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனது. அதற்கு முன்னால் ரூபாய்க்கு 16 அணா. என் தலைமுறைக்குக்கூட நாலணா, எட்டணா கையில் புழங்கியது, அதனால் நூறில் 25 என்பது கால் என்று கையே சொன்னது. 25 பைசா 2011-இல் செல்லாததாகிவிட்டது. 50 பைசா சட்டப்படி செல்லும், ஆனால் எங்கள் ஊர்ப் பெட்டிக் கடையில் எடுப்பதில்லை. இப்போது நாலாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை 25 பைசாவைத் தொட்டதே கிடையாது. கண்ணால் காணாத காசை வைத்துத் தசமத்தை எப்படி நம்பவைப்பது?

நூறில் ஒரு பங்குக்கு எங்கள் பக்கத்தில் பைசாவைவிட நல்ல பொருள் இருக்கிறது: சென்ட். நூறு சென்ட் ஓர் ஏக்கர். மூன்று சென்டில் வீடு, ஐந்து சென்டில் மனை, அரை ஏக்கரில் மல்லி என்று பிள்ளைகள் நாள்தோறும் கேட்கிற பேச்சு அது. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, கிட்டத்தட்ட 21 அடிக்கு 21 அடி. டேப்பைப் பிடித்து மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு சென்ட் கோடு போட்டோம். அதற்குள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். இது 0.01 ஏக்கர். இந்த மாதிரிப் பத்துக் கட்டம் 0.1 ஏக்கர், ஐம்பது கட்டம் 0.5 ஏக்கர். வகுப்புக்குத் திரும்பிய பிறகு கரும்பலகையில் 0.5 ஏக்கர், 0.05 ஏக்கர் என்று இரண்டை எழுதி, "உங்க அப்பா எதை எழுதி வாங்குவாங்க?" என்று கேட்டேன். 0.05-இல் இலக்கம் அதிகமாக இருக்கிறதே என்று ஒருத்தி முதலில் அதைக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவள், "அது அஞ்சு சென்ட்டுதாண்டி, மாடு கட்டக்கூடக் காணாது" என்றாள். நிலத்தின் மேல் இருக்கிற பயம் பிள்ளைகளுக்கும் உண்டு. நடுவில் ஒரு சைபர் விழுந்தால் நாற்பத்தைந்து சென்ட் போய்விடும் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. 0.5, 0.50 இரண்டும் ஒன்றே, 0.05 வேறு என்பதை இதைவிடப் பலமாகச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பத்தில் ஒரு பங்குக்கு அளவுகோலே போதும்: பென்சில் 7 செ.மீ., அதற்கு மேல் நாலு சின்னக் கோடு, ஆக 7.4. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரும் நல்லது. 100.4 என்றால் கஷாயம் வைத்துப் பார்க்கலாம், 'நூறு புள்ளி நாலு' என்பதில் 'புள்ளி'யை விட்டுவிட்டு நூத்தி நாலு என்று படித்தால் வீடே ஆஸ்பத்திரிக்கு ஓடும்.

பெட்ரோல் கணக்கு ஐந்தாம் வகுப்புக்கு. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு, "நூறு ரூபாய்க்குப் போடுங்க" என்றால் ஒரு லிட்டர் வருவதில்லை என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பம்பில் 0.98 என்று நிற்கும். சின்ன எண்ணைப் பெரிய எண்ணால் வகுக்க முடியாது என்று அதுவரை நம்பியிருந்தவர்கள், அந்த 0.98-ஐ அப்பாவின் வண்டியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். வகுத்துக் காட்டாவிட்டாலும் பரவாயில்லை, விடை ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாக வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த வயதுக்கு அதுவே பெரிய காரியம்.

வாரம் ஒரு கணக்கைப் பிள்ளைகளே எழுதி வர வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரே நிபந்தனை, அதில் வருகிற எண் வீட்டிலோ கடையிலோ யாராவது உண்மையாகச் சொன்ன எண்ணாக இருக்க வேண்டும். பால் சொசைட்டிக்கு ஊற்றப் போகிற வீட்டுப் பிள்ளை கொழுப்பு 4.3, 4.1 என்று அட்டையைப் பார்த்து எழுதி வருகிறது. ஆவின் பச்சைப் பாக்கெட்டில் 4.5, நீலத்தில் 3.0 என்று இன்னொன்று எழுதி வந்து, "எங்க மாட்டுப் பால் நீலத்தவிடக் கெட்டி" என்று அடியில் கோடு போட்டிருந்தது. கூட்டல் கழித்தல் எதுவும் இல்லாத, வெறும் ஒப்பிடுகிற கணக்கு. அதற்கு முழு மதிப்பெண் போட்டேன்.

அந்த நோட்டுகளைப் புரட்டும்போதுதான் ஒன்று கவனித்தேன். பின்னம் வந்த இடத்திலெல்லாம் அரை, கால், முக்கால். மூன்றில் ஒன்று ஒரு நோட்டில்கூட வரவில்லை. கடையில் யாரும் 1/3 கிலோ கேட்பதில்லை, அந்த அளவுக்குப் படிக்கல்லும் கிடையாது. அது பங்கு பிரிக்கும்போது மட்டும்தான் வரும்.

அதற்காக, பூக்கடை வைத்திருக்கிற ஒரு அம்மாவிடம் கேட்டு அவருடைய எலக்ட்ரானிக் தராசை ஒரு மதியம் வாங்கி வந்தேன். ஒரு கிலோ நிலக்கடலை. மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். தட்டை வைத்து 'டேர்' பட்டனை அமுக்கி 0.000 ஆக்கிக்கொண்டு கடலையைப் போடத் தொடங்கினார்கள். அந்தத் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் ஏறும். 0.330, 0.335, மறுபடி 0.330. ஒரு கடலையை எடுப்பதும் வைப்பதுமாகக் கொஞ்ச நேரம் போனது. கடைசியில் 0.335, 0.335, 0.330 என்று மூன்று குவியல். 0.330-காரனுக்கு ஒரே கோபம். கிராம் கிராமாகக் காட்டுகிற தராசாக இருந்தால்? 0.333, 0.333, 0.334. அப்போதும் ஒருவருக்குக் கூட. இன்னும் நுணுக்கமான தராசு? அப்போதும்.

கரும்பலகையில் 1-ஐ 3-ஆல் வகுக்கத் தொடங்கினோம். 0.3, 0.33, 0.333 என்று மூன்று மூன்றாக எழுதிக்கொண்டே போய்ப் பலகையின் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். சுவரில் எழுதட்டுமா என்று ஒருவன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லி, பலகையின் மூலையில் 1/3 என்று எழுதி, இந்த எண் தராசில் அடங்காது, இப்படி எழுதினால்தான் அடங்கும் என்று காட்டினேன். கடலையை எண்ணிப் பிரிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. எண்ணினார்கள், இரண்டு மிஞ்சியது. அதை 0.330-காரனுக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் ஆறு பேருக்குப் பிரிப்பதாக இருக்கிறோம்.